கற்கள் போன வழி: தெசலோனிக்கி நேரலை நடை பற்றி ஒரு கல் வியாபாரி

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்தில் ஒருவர் கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். நாம் மும்பை செம்பூரில் வீட்டு டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேள்வி கேட்கலாம். ஒன்றரை மணி நேரம், ஒரு திரைக்கு 40 யூரோ. திரைக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அதே காசுதான். நடையின் பொருள், அழிக்கப்பட்ட யூத இடுகாடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசு கொடுத்து இதையெல்லாம் பார்ப்பார்களா என்று என் மைத்துனன் கேட்டான். பார்த்தோம். ஐந்து பேர் உட்கார்ந்து, நடுவில் சுண்டல் சாப்பிட எழுந்ததைத் தவிர, கடைசி வரை பார்த்தோம்.

எனக்குப் பாண்டுப்பில் கிரானைட், மார்பிள் யார்டு இருக்கிறது. சமையல் மேடை, படிக்கட்டு, லிஃப்ட் வாசல் என்று ஓடும் வியாபாரம். நடுவில் எப்போதாவது கல்லறைக் கல்லும் வரும். அப்படித்தான் பெனே இஸ்ரேல் என்ற நம் நாட்டு யூத சமூகத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். பேச்சு, நடை, உடை எல்லாம் மராத்திக்காரர்தான். கொங்கண் கரையில் செக்கு ஓட்டிய பரம்பரை அவர்களுடையது. சனிக்கிழமை ஓய்வுநாள் என்று செக்கை நிறுத்திவிடுவதால் ஊர்க்காரர்கள் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்களாம். வொர்லி யூத இடுகாட்டில் அவருடைய தாயார் கல்லறைக்குக் கறுப்பு கிரானைட் பலகை வேண்டும். மேலே எபிரேயம், கீழே மராத்தி. எங்கள் யார்டில் எழுத்து வெட்டும் அண்ணாச்சி நாங்குநேரிக்காரர். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "உருது மாதிரிதான, மசூதிக்கு வெட்டியிருக்கேன்லா" என்று சொல்லிவிட்டார். கார்பன் தாள் வைத்து வரைந்து, மெஷின் பக்கமே போகாமல் உளியாலேயே முடித்தார்.

பலகையை எடுக்க வந்த அன்று டீ குடிக்கும்போது அந்தப் பெரியவர்தான் தெசலோனிக்கி என்ற பெயரை எடுத்தார். "உங்கள் தொழில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை சேட்" என்றார். வீட்டுக்கு வந்து தேடியதில் இந்த நேரலை நடை கிடைத்தது. பெரியவரையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டேன். மனைவியும் மாமியாரும் வீட்டிலேயே இருந்தார்கள்.

பதிவு செய்வது எளிது. யூபிஐ கிடையாது, கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்கு இரவு ஏழரை என்றால் அவருக்கு மாலை ஐந்து, வெளிச்சம் தாராளம். வழிகாட்டி ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல இடம் விட்டு விட்டுப் பேசினார். இந்தப் பொறுமைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

அத்தைக்கு ஊரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "பவுல் நிருபம் எழுதின ஊருல்லா மாப்பிள்ளை" என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டிக்கு ஒரே சந்தோஷம். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் அந்த ஊர் ஜெபஆலயத்தில் மூன்று ஓய்வுநாள் பேசியதாக வருகிறதே, அந்த ஜெபஆலயம் யூதர்களுடையதுதான். ஆக, அந்த ஊரில் அவர்கள் இரண்டாயிரம் வருடமாவது இருந்திருக்கிறார்கள் என்றார். அப்புறம் 1492ல் ஸ்பெயின் நாடு யூதர்களைத் துரத்தியபோது, துருக்கிய சுல்தான் இரண்டாம் பயேசித் இடம் கொடுக்க, ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கினார்கள். அதன்பின் பல நூறு வருடம் ஊரில் பெருங்கூட்டம் அவர்கள்தான். வீட்டில் லதினோ என்ற பழைய ஸ்பானிய மொழி. சனிக்கிழமை துறைமுகமே மூடியிருக்குமாம். இதைக் கேட்டதும் நம் சனிவார் தேலிப் பெரியவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இங்கேதான் என் முதல் குறை. கடற்கரை, வெள்ளைக் கோபுரம், லதினோப் பாட்டு, கத்திரிக்காய்ப் பலகாரம் என்று அரை மணி நேரம் போய்விட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாங்கிய சீட்டில் இடுகாடு என்று போட்டிருந்தது. கல் வாங்க வந்தவனை உட்காரவைத்து ஆபீஸ் ஏசியைப் பற்றிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

பிறகு கிழக்கே நடந்தார். பழைய மதில் இருந்த இடத்தைத் தாண்டியதும் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம். மாணவர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள், ஒரு பெண் படியில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள், சுவரெல்லாம் அரசியல் கிறுக்கல். "நான் இப்போது இடுகாட்டுக்குள் நிற்கிறேன்" என்றார். சுற்றிலும் கட்டடம்தான். மொத்தப் பரப்பு சுமார் 3,50,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 86 ஏக்கர் வரும். மூன்று சிவாஜி பார்க்குகளை ஒட்டவைத்த அளவு. அதில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத இடுகாடுகளில் ஒன்று. நூலகம், ஆய்வுக்கூடங்கள், வகுப்புகள் எல்லாம் அதன் மேல் நிற்கின்றன.

அழித்த கதையை அவர் ஆரம்பித்தது ஜெர்மானியரிடமிருந்து. 1941 ஏப்ரலில் ஜெர்மன் படை நகரத்துக்குள் வந்தது. 1942 ஜூலை 11, ஒரு சனிக்கிழமை. எலெஃப்தெரியாஸ் சதுக்கத்தில் 9,000 யூத ஆண்களை வெயிலில் நிறுத்தி, அடித்து, அவமானப்படுத்தி, கூலியில்லா வேலைக்குப் பெயர் எழுதினார்கள். சாலை போடவும் சுரங்கத்துக்கும் போனவர்கள் பட்டினியிலும் நோயிலும் விழ ஆரம்பித்ததும், யூத சமூகம் பணம் கட்டி ஆட்களை மீட்க முன்வந்தது. ஜெர்மன் ராணுவ நிர்வாகி மாக்ஸ் மெர்ட்டன் கோடிக்கணக்கான திராக்மா கேட்டார். அந்தப் பேரத்திலேயே இடுகாடும் போனது. 1942 டிசம்பர் 6ல் இடிப்பு தொடங்கியது. 500 ஆட்கள், சில வாரம். எலும்பையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று குடும்பங்கள் ஓடி வந்தன. எல்லாராலும் எடுக்க முடியவில்லை.

நான் வியாபாரி. கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "500 பேருக்குக் கூலி யார் கொடுத்தார்கள்? கல்லை யார் எடுத்துக்கொண்டார்கள்?"

வழிகாட்டி நடப்பதை நிறுத்திவிட்டார். கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி, "நகராட்சி" என்றார். அதற்கப்புறம் வந்த இருபது நிமிடத்துக்குத்தான் இந்த நடை நான் கொடுத்த காசுக்கு மேல் பெறும்.

அந்த நிலத்தின் மேல் ஊருக்குக் கண் ஜெர்மானியர் வருவதற்கு முன்பே விழுந்திருந்தது. 1912ல் நகரம் கிரேக்கத்திடம் வந்தது. 1917ல் பெருந்தீ ஊரின் நடுப்பகுதியைத் தின்றது. புதிய நகரத் திட்டம் போட்டவர்களுக்கு ஊர் நடுவே 86 ஏக்கர் இடுகாடு இடைஞ்சலாகத் தெரிந்தது. 1920களில் பல்கலைக்கழகம் இடுகாட்டை ஒட்டிய பழைய துருக்கியப் பள்ளிக் கட்டடத்தில் வந்து உட்கார்ந்தது. வளர இடம் வேண்டும் என்றது. 1930களில் அரசு சட்டம் போட்டு, யூத சமூகம் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. மிச்சத்துக்குத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியர் அனுமதி கொடுத்தார்கள். கடப்பாரை உள்ளூர்க் கையில் இருந்தது. போர் முடிந்த பிறகும் நிலம் திரும்பவில்லை, பல்கலைக்கழகம் அதன் மேலேயே விரிந்தது. தன் ஊரைப் பற்றி இவ்வளவும் சொல்ல ஒரு மனம் வேண்டும், அது அவருக்கு இருக்கிறது. ஆனால் இதை நான் கேட்டுத்தானா வாங்க வேண்டும்? கேள்வி கேட்காத ஒரு வீட்டில் இதே நடையைப் பார்த்தவர்கள், ஜெர்மானியர் வந்தார்கள், இடித்தார்கள், போனார்கள் என்று நினைத்துக்கொண்டு டிவியை அணைத்திருப்பார்கள். நான் பிடித்துக்கொண்ட மதிப்பெண் இதற்குத்தான். கத்திரிக்காயை மன்னித்துவிட்டேன்.

அங்கிருந்து கற்கள் போன வழியில் கூட்டிப் போனார். பழைய புகைப்படங்களை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். இடத்தில் நின்று அட்டையைக் கேமரா முன் பிடிக்கிறார். ஒரு படத்தில் ஜெர்மானியருக்காகக் கட்டிய நீச்சல் குளம், அதன் பக்கங்களில் எபிரேய எழுத்தோடு பலகைகள். தேவாலயம் செப்பனிட, முற்றம் பாவ, சாலை போட, கழிப்பறை கட்ட என்று நகரம் முழுக்கப் போயிருக்கின்றன. 1917 தீயில் எரிந்த செயின்ட் டிமெட்ரியஸ் தேவாலயத்தைத் திரும்பக் கட்டியபோதும் இந்தக் கல் பயன்பட்டது என்றார். அத்தை முகம் சுருங்கியது. "கோயிலுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சிக்குக் கண் வேறு இடத்தில் இருந்தது. பழைய படத்தில் இடுகாடு இருந்த கோலத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "எல்லாம் படுத்த பலகை. நட்ட கல் இல்ல." ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்களின் வழக்கம் அது, கல்லறை மேல் பலகையைக் கிடையாகப் போடுவார்கள். நட்ட கல் என்றால் அடியில் புதைந்த பகுதி கரடாக இருக்கும். வெட்டி, ஓரம் எடுத்துத்தான் தளத்துக்கு ஆகும். படுத்த பலகையைத் தூக்கினால் அப்படியே தளக்கல். மேல்பக்கம் ஏற்கெனவே இழைத்திருக்கும், கனம் ஒரே சீராக இருக்கும். எழுத்து கண்ணில் படக்கூடாது என்றால் கவிழ்த்துப் போட்டால் போதும். "நல்ல சரக்கு சேட்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் கையை அசைத்து, "அதைத்தான் நானும் அன்றைக்குச் சொன்னேன். நல்ல சரக்கு, அதனால் போனது" என்றார்.

இந்த ஒரு விஷயம் எனக்கு இத்தனை நாள் புரியாமல் இருந்தது. இடுகாட்டை அழித்தார்கள் என்றால் வெறுப்பில் உடைத்து எறிந்தார்கள் என்றுதான் மனதில் படம் வரும். உடைத்ததும் உண்டு. ஆனால் பெரும்பகுதியை உடைக்கவில்லை, அடுக்கினார்கள். அளந்தார்கள். வாங்க ஆள் வந்தது. இரண்டாம் கைச் சரக்குக்கு எங்கே எப்படி விலை விழும் என்று எனக்குத் தெரியும். பழைய பங்களா இடிக்கும்போது மார்பிள் எடுக்கப் போகிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். டிசம்பர் மாதத்து தெசலோனிக்கியில் அந்தக் கூட்டம் எப்படி நின்றிருக்கும் என்று என்னால் துல்லியமாகவே பார்க்க முடிந்தது. சுண்டலுக்கு எழுந்தது அப்போதுதான்.

ஒரு பழைய வீட்டு முற்றத்தில் வழிகாட்டிக்குத் தெரிந்தவர் கதவைத் திறந்துவிட்டார். தரையில் ஒரு மூலையில் உடைந்த துண்டு, மூன்று வரி எபிரேயம். பெரியவர் டிவி பக்கத்தில் போய்க் குனிந்து வாசித்தார். திஷ்ரி என்ற யூத மாதம் என்பது தெரிந்தது. பெயர் இருந்த பக்கம் இல்லை. அண்ணாச்சி எழுத்தின் பள்ளத்தைப் பார்த்து, "கை நல்ல கை. அவசரம் இல்லாம வெட்டிருக்கான்" என்றார்.

இன்னொரு தகவல் எங்கள் வீட்டில் சின்ன வாக்குவாதத்தைக் கிளப்பியது. அந்த இடுகாட்டுப் பலகைகளில் பல, யூதர்களே பழைய ரோமானியக் காலத்து மார்பிளை எடுத்துத் திரும்பப் பயன்படுத்தியவை. சிலவற்றில் பழைய கிரேக்க எழுத்தும் உண்டாம். "அப்போ இவங்களும் எடுத்ததுதான?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. பெரியவர் கோபப்படவில்லை. "ஆயிரம் வருடமாகச் சொந்தக்காரன் இல்லாத கல்லை எடுப்பது வேறு. பேரன் வந்து எதிரே நின்று அழும்போது எடுப்பது வேறு" என்றார். அவள் ஒத்துக்கொண்டாளா தெரியாது. எனக்குச் சரியாகப் பட்டது.

இடுகாடு போன மூன்று மாதத்தில் ஆட்கள் போனார்கள். 1943 மார்ச் 15ல் முதல் ரயில் நாஜிக் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது. ஆகஸ்டுக்குள் 45,000க்கும் மேற்பட்டவர்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். மெர்ட்டன் 1957ல் ஏதென்ஸுக்குத் தானே வந்து மாட்டிக்கொண்டார், 1959ல் 25 வருடத் தண்டனை, சில மாதத்தில் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பகுதியை வழிகாட்டி வேகமாகவே கடந்தார். அதற்கென்று தனி நடை வைத்திருக்கிறார்கள். அது சரிதான், இந்த நடை கல்லைப் பற்றியது.

பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் நினைவிடத்தை 2014ல்தான் திறந்தார்கள். புல்தரை, சாய்ந்து கிடக்கும் பலகைகள், ஏழு கிளை விளக்கு. அப்போதைய மேயர் யானிஸ் பூத்தாரிஸ், நகரம் இதைச் செய்ய இத்தனை காலம் எடுத்ததற்கு வெட்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே பேசினாராம். பிற்பாடு அதையும் சிலர் உடைத்தார்கள், திருத்தி வைத்தார்கள். இங்கே வழிகாட்டி தன் கைப்பேசியில் சோக வயலின் போட்டுவிட்டார். காற்றுச் சத்தமும் வயலினும் சேர்ந்து அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. நல்ல மைக் வாங்குங்கள், வயலினை விட்டுவிடுங்கள். மேயர் பேசியதே போதும். தேவாலயப் பக்கம் இணைப்பு ஒருமுறை அறுந்தது. அந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது.

ஆகியு மினா தெருவில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இடுகாட்டிலிருந்து தப்பிய கற்களையும் பழைய புகைப்படங்களையும் வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ளே நேரலை இல்லை. முன்பே எடுத்த படங்களைத்தான் காட்டினார். 2012 டிசம்பரில் நகரத்தில் ஒரு மனையில் 600க்கும் மேற்பட்ட துண்டுகள் மண்ணுக்கடியில் கிடைத்த செய்தியையும் சொன்னார். இன்னும் வரும் என்று நினைக்கிறாராம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கல் எங்கேயும் போய்விடாது, பழைய கட்டடத்தை இடிக்க இடிக்க வரும்.

கடைசிக் கேள்வி நேரத்தில் நான் நம் பக்கத்துக் கதையையும் சொன்னேன். மெட்ராஸில் வைர, பவள வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பிய யூதர்கள் இருந்தார்கள். பவளக்காரத் தெரு என்று பெயரே இன்னும் இருக்கிறது. 1688ல் மெட்ராஸ் மாநகராட்சியைத் தொடங்கியபோது உறுப்பினர்களில் மூன்று பேர் யூத வணிகர்கள். தங்கசாலைப் பக்கம் இருந்த அவர்களுடைய பழைய இடுகாடு இன்று இல்லை. மிஞ்சிய சில கல்லறைகள் இப்போது ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் ஒரு சின்ன வளாகத்தில் இருக்கின்றன. வழிகாட்டி தெருப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பெரியவரும் தான். பம்பாயில் பிறந்து வளர்ந்த அவருக்கு மெட்ராஸ் கதை புதிது. பதிலுக்கு அவர் என்னை சிஞ்ச்போக்லிக்கு அழைத்துப் போனார். எலியாஸ் டேவிட் சாசூன் தன் மகன் ஜோசப்பின் நினைவாக 1878ல் கொடுத்த இடுகாடு அது. பாக்தாத் வழி வந்த யூதர்களுடையது. சுற்றிலும் மில் நிலத்தில் எழுந்த கோபுரங்கள் பால்கனி பால்கனியாக உள்ளே எட்டிப் பார்க்கின்றன. அந்தப் பேட்டையில் சதுர அடி என்ன விலை என்று எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமலே நடந்தேன்.

யாருக்கு இந்த நடை ஆகும்? பள்ளிப் பிள்ளைகளோடு பார்க்கலாம், ரத்தக் காட்சி எதுவும் காட்டவில்லை. கிரேக்கத்துக்குச் சுற்றுலா போகத் திட்டம் இருப்பவர்கள் போவதற்கு முன் பார்ப்பது நல்லது. தனியாகப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்க நாலு பேர் வேண்டும். சனிக்கிழமை இந்த நடை கிடையாது. பதிவு செய்யும்போதே குறிப்புப் பெட்டியில், கடற்கரையைச் சுருக்கி 1942க்கு முந்தைய நிலத் தகராறைச் சேர்க்கும்படி எழுதிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் மாற்றிக்கொடுப்பதாக வழிகாட்டியே சொன்னார். ஐந்துக்கு நான்கு.

அண்ணாச்சியின் புகாரையும் கருத்துப் படிவத்தில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்: முற்றத்துத் துண்டைக் காட்டும்போது கேமராவை இன்னும் ஒரு சாண் கிட்டே கொண்டுபோக வேண்டும், உளியை எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறான் என்று அவருக்குப் பிடிபடவில்லை.